கல்விச்சபைக்குத் தேர்தல் கேட்டவள் சொல்வது

ரொறன்ரோவின் உள்ளூராட்சி வாக்குச்சீட்டில் மூன்று தெரிவுகள் உண்டு: மேயர், நகரசபை உறுப்பினர், கல்விச்சபை உறுப்பினர். 2022 ஒக்ரோபர் 24 நடந்த தேர்தலில் மூன்றாவது தெரிவுக்குக் கீழே இருந்த பெயர்களில் என்னுடையதும் ஒன்று. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபுறோவில் ஒரு வட்டாரத்தில் கேட்டேன். வெல்லவில்லை. அதைப் பற்றி இவ்வளவு காலமும் எழுதாமல் இருந்துவிட்டு இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 யூன் கடைசியில் ஒன்ராறியோ மாகாண அரசு ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபையைத் தன் மேற்பார்வையின் கீழ் எடுத்துக்கொண்டது. மக்கள் தெரிவு செய்த 22 பேரின் அதிகாரம் ஒரே நாளில் ஒரு மேற்பார்வையாளரின் கைக்குப் போனது. எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. நான் யாரையும் குறை சொல்லவில்லை. அந்தக் கதிரையில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தானே அது போனதும் தெரியும்.

எனக்கு அது தெரிய வந்தது என் இளைய மகனால். அவனுக்குப் பேச்சு வரப் பிந்தியது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் வருடம் முழுவதும் எனக்குக் கிடைத்த பதில், பொறுத்துப் பார்ப்போம் என்பதுதான். மதிப்பீட்டுக்கு நீண்ட வரிசை, உதவியாளர்கள் போதாது, அடுத்த வருடம் நிலைமை மாறலாம். வகுப்பு ஆசிரியையிடம் கேட்டேன், அதிபரிடம் கேட்டேன். இருவரும் நல்ல மனிதர்கள். ஆனால் கொடுப்பதற்கு இருவரிடமும் ஒன்றும் இருக்கவில்லை. ஒருநாள் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நின்றபோது, கயானாவில் இருந்து வந்த ஒரு அம்மா சொன்னார், உன் ட்ரஸ்டியைக் கூப்பிடு என்று. கல்விச்சபை உறுப்பினரைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். அப்படி ஒருவர் எனக்கு இருக்கிறார் என்பதே அன்றுதான் தெரியும். இலக்கத்தைத் தேடி எடுத்துத் தகவல் விட்டேன். இரவுச் சாப்பாடு முடிந்த நேரத்தில் அவரே திருப்பி எடுத்தார்.

மகனின் பிரச்சினை அந்த ஒரு அழைப்பில் தீர்ந்துவிடவில்லை. ஆனால் ஒன்ராறியோவில், விசேட கல்வி தேவைப்படும் பிள்ளையை அடையாளம் கண்டு எங்கே வைத்துக் கற்பிப்பது என்று தீர்மானிக்க ஒரு குழு உண்டு என்றும், பெற்றோர் எழுத்தில் கேட்டால் அதிபர் பிள்ளையை அந்தக் குழுவிடம் அனுப்பியே ஆக வேண்டும் என்றும், அந்தக் கூட்டத்தில் தாயோ தகப்பனோ இருந்து கதைக்கலாம், கூட ஒருவரையும் கூட்டிப் போகலாம் என்றும் அவர் சொன்னார். எழுத்தில் கேட்பது என்ற அந்த ஒரு விஷயம் என் மகனின் பள்ளி வாழ்க்கையை மாற்றியது. எனக்கு ஆங்கிலம் ஓரளவு ஓடும். கடிதம் எழுதத் தெரியும். இரண்டு வேலை செய்துகொண்டு, ஆங்கிலத்தில் தொலைபேசி எடுக்கவே தயங்கும் எத்தனை அம்மாமார் பொறுத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்ற எண்ணம் அதன்பிறகு என்னை விடவேயில்லை. தேர்தலில் கேட்டதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

அந்தப் பதவிக்கு என்ன அதிகாரம் என்று கேட்டால், பலர் நினைப்பதைவிடக் குறைவு. பாடத்திட்டம் மாகாணத்துடையது. ஆசிரியர் சம்பளத்தின் முக்கியமான பகுதி மாகாண மட்டத்தில் பேசித் தீர்க்கப்படுகிறது. வரி போடும் உரிமை முன்பு இருந்தது. 1990களின் கடைசியில், அன்றைய மாகாண முதல்வர் மைக் ஹரிஸின் அரசு அதை எடுத்துவிட்டது. அதே காலத்தில்தான் மாகாணத்தின் கல்விச்சபைகளை 129இல் இருந்து 72ஆகக் குறைத்தார்கள். 1998இல் ஸ்காபுறோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ட் யோர்க், பழைய ரொறன்ரோ எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சபையாக்கினார்கள். கனடாவிலேயே பெரிய சபை அது. இரண்டு லட்சத்துக்கும் கூடிய பிள்ளைகள், 500க்கும் மேற்பட்ட பள்ளிகள், ஆண்டுக்கு 300 கோடி டாலரைத் தாண்டும் செலவு. அதற்கு 22 உறுப்பினர்கள். ஒருவரின் வட்டாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் மக்கள். இந்த வேலைக்குக் கிடைப்பது சம்பளம் என்று சொல்ல முடியாத ஒரு மதிப்பூதியம். 1997 சட்டம் அதை ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் போகாமல் கட்டி வைத்தது. பிறகு கூட்டினார்கள் என்றாலும், ஒரு குடும்பத்தை நடத்த அது காணாது.

அப்படியென்றால் மீதி என்ன? வரவுசெலவுத் திட்டத்தில் எங்கே வெட்டுவது, எதைக் காப்பாற்றுவது என்று வாக்களிப்பது. கல்விப் பணிப்பாளரை நியமிப்பது. எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும் என்ற எல்லைகள். ஒரு மாணவரைப் பள்ளியிலிருந்து நீக்குவதா என்ற விசாரணை. அப்புறம், தொலைபேசி. எனக்குத் தெரிந்த எல்லா உறுப்பினர்களும் ஒன்றையே சொன்னார்கள்: நாளின் பெரும்பகுதி பெற்றோரின் அழைப்புகளில்தான் போகும். பேருந்து வரவில்லை, என் பிள்ளையை அரைநாளில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், போர்டபிள் என்ற தற்காலிக வகுப்பறையில் குளிர் தாங்கவில்லை. சட்டப் புத்தகத்தில் இந்த வேலைக்குப் பெரிய இடம் இல்லை. நான் அந்தப் பதவியை விரும்பியது இதற்காகத்தான்.

பெயர் கொடுப்பது சுலபம். கனேடியக் குடியுரிமை, 18 வயது, அந்தச் சபையின் எல்லைக்குள் வசிப்பது, அந்தச் சபையின் ஆதரவாளராகப் பதிவில் இருப்பது, இவற்றோடு 100 டாலர் கட்டணம். நகரசபைக்குக் கேட்பவர்கள் 25 பேரின் கையெழுத்துக் கொண்டுபோக வேண்டும். எங்களுக்கு அதுவும் தேவையில்லை. கடினம் எல்லாம் அதற்குப் பிறகுதான். கட்சி இல்லை, கட்சிப் பெயர் வாக்குச்சீட்டில் வராது. நிறுவனங்களிடமும் தொழிற்சங்கங்களிடமும் பணம் வாங்கக் கூடாது. ஒருவர் கொடுக்கக்கூடியது ஆகக் கூடியது 1,200 டாலர். மேயருக்கோ நகரசபை வேட்பாளருக்கோ காசு கொடுப்பவருக்கு ரொறன்ரோ நகரம் அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். கல்விச்சபை வேட்பாளருக்குக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. இது சரியில்லை என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். வசதி குறைந்தவர்கள் கேட்க வேண்டிய ஒரு பதவிக்குக் காசு சேர்ப்பதைத்தான் ஆகக் கடினமாக வைத்திருக்கிறார்கள்.

என் செலவை என் அக்காவும், கூட வேலை செய்தவர்களும், கோவிலில் பழக்கமான சில குடும்பங்களும் தாங்கினார்கள். நோட்டீஸ் அடித்தது தமிழில், ஆங்கிலத்தில், பிறகு ஒரு தோழி உருதிலும் எழுதித் தந்தார். பள்ளி முடித்துப் பட்டயம் எடுக்கக் கட்டாயமான 40 மணிநேர சமூகசேவையை எப்போதோ முடித்துவிட்ட பிள்ளைகள்கூட, சும்மா வந்து என்னோடு படியேறினார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கல்விச்சபையைப் பற்றித் தங்கள் பெற்றோரைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. எந்தப் பள்ளியில் எந்தப் பாடம் நிறுத்தப்படுகிறது, எங்கே கணித ஆசிரியர் இல்லை, எல்லாம் விரல்நுனியில்.

கோடை முடிந்ததும் கதவு தட்டத் தொடங்கினோம். ஸ்காபுறோவில் இருப்பவர்களுக்கு அந்தக் கட்டடங்கள் தெரியும். மாடி மாடியாக நீளும் ஒழுங்கைகள், ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் ஒவ்வொரு நாட்டுச் சமையல் வாசம். சில கட்டடங்களில் காவலாளி மறித்தார். வேட்பாளரையோ அவர் ஆட்களையோ காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை கட்டடத்துக்குள் வரவிடாமல் தடுக்கக் கூடாது என்று உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தேன். காட்டினால் பெரும்பாலும் விடுவார்கள்.

தமிழ்க் கதவுகளில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "பிள்ளை எந்த ஊர்?" கரவெட்டி என்பேன். "கரவெட்டியில ஆற்ற மகள்?" அப்பாவின் பெயரைச் சொன்னால் அரை மணி நேரம் போய்விடும், தேத்தண்ணி வரும், அப்பாவோடு ஒன்றாகப் படித்தவரின் தம்பி மொன்றியலில் இருப்பது தெரியவரும். என்னோடு வந்த பிள்ளைகள் நேரம் போகிறது என்று அந்தரப்படுவார்கள். எனக்கு அந்த நேரம் வீணாகப் போனதாகத் தோன்றியதே இல்லை. ஊரைக் கேட்டுப் பிறகு ஆளை நம்புவது எங்கள் பழக்கம். அந்த நம்பிக்கை வந்த பிறகுதான், வெளியில் சொல்லாத பிள்ளைக் கவலையை வீட்டுக்குள் கூப்பிட்டுச் சொல்வார்கள். ஒரு ஐயா சொன்னார், பேரனை வகுப்பில் யாரோ தொடர்ந்து அடிக்கிறார்கள், மகளும் மருமகனும் இரவு வேலை, பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கதைக்கத் தனக்கு மொழி இல்லை என்று. பள்ளிக்கூடத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம் ஐயா என்றேன். "கேட்கலாமோ?" என்றார். அந்த ஒரு சொல்லை எத்தனையோ கதவுகளில் கேட்டேன்.

குழப்பமும் நிறைய. ஒன்ராறியோவில் அரசுக் காசில் நடப்பவை நான்கு வகைச் சபைகள்: ஆங்கிலப் பொது, ஆங்கிலக் கத்தோலிக்க, பிரெஞ்சுப் பொது, பிரெஞ்சுக் கத்தோலிக்க. நீங்கள் எதன் ஆதரவாளர் என்று பதிவில் இருக்கிறதோ அந்தச் சபைக்குத்தான் உங்கள் வாக்கு. எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல என்னை அன்போடு வரவேற்று, தங்களுடைய வாக்குச்சீட்டில் என் பெயர் வராது என்று சொல்லி அனுப்பினார்கள். மறுபக்கம், பிள்ளையைக் கத்தோலிக்க உயர்பள்ளியில் விட்டிருக்கும் சைவக் குடும்பங்களும் உண்டு. அவர்களின் பிள்ளை படிக்கும் சபை ஒன்று, வாக்குப் போடும் சபை இன்னொன்று. இதை வாசலில் நின்று விளங்கப்படுத்துவது லேசான வேலை இல்லை.

அந்த வருடம் சூடாக இருந்த விஷயம் குலுக்கல். கலை, கணிதம், விஞ்ஞானம் போன்றவற்றுக்கான சிறப்புத் திட்டங்களில் சேர முன்பு தேர்வு, நேர்முகம், புள்ளிகள் எல்லாம் பார்ப்பார்கள். 2022 மே மாதம் சபை அதை மாற்றி, விருப்பம் தெரிவிக்கும் பிள்ளைகளில் இருந்து குலுக்கல் முறையில் எடுப்பது என்று முடிவு செய்தது. எங்கள் பெற்றோருக்குக் கோபம் பொங்கியது. "என்ர பிள்ளை விடிய விடியப் படிச்சு எடுத்த மார்க்சுக்கு மரியாதை இல்லையோ தங்கச்சி? சீட்டு விழுந்தாத்தான் இடமோ?" இலங்கையில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்த 1970களை அனுபவித்த தலைமுறை இது. புள்ளி எடுத்தும் இடம் கிடைக்காத வலி இவர்கள் எலும்புக்குள் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கோபத்தைக் கதைக்க முடியாது. சபை மண்டபத்தில் குலுக்கலை ஆதரித்துப் பேசியவர்கள் யாராவது இந்த வீடுகளில் வந்து ஒருநாள் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் நான் அவர்களோடு முழுதாக உடன்படவில்லை. அதை மறைக்கவும் இல்லை. முன்பிருந்த முறையில் இடம் பிடித்தவர்களில், காசு கட்டிப் பயிற்சி எடுத்த பிள்ளைகள் முன்னுக்கு நின்றார்கள். அதே கட்டடத்தில் நாலு மாடி தள்ளி, தாய் தனியாக வளர்க்கும் பிள்ளைக்கு அப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாது. அதற்குக் குலுக்கல் சரியான மருந்தா என்றால், அதிலும் எனக்கு நிறைவு இல்லை. இடம் போதாமல் இருக்கும்போது எப்படிப் பங்கிட்டாலும் சண்டைதான். நான் வாசல்தோறும் சொன்னது, ஸ்காபுறோவுக்கு இந்தத் திட்டங்களை இன்னும் கூடுதலாகக் கொண்டுவர வேண்டும் என்பதுதான். மோல்வேர்னில் இருக்கும் பிள்ளை விருப்பமான ஒன்றைப் படிக்க விடியற்காலையில் பேருந்து ஏறி நகரத்தின் மறுபக்கம் போக வேண்டிய நிலைமை ஏன் என்று கேட்டேன். சிலர் யோசித்தார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். குலுக்கலை ஒழிப்பேன் என்று சொல்லியிருந்தால் தமிழ் வாக்குகள் கூட விழுந்திருக்கும் என்று எனக்கு நெருங்கியவர்களே சொன்னார்கள். இருக்கலாம். நான் நம்பாத ஒன்றைச் சொல்லி அந்தக் கதிரையில் போய் இருந்து என்ன செய்வது?

இந்த இடத்தில் எங்கள் பழைய மாணவர் சங்கங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில் யாழ்ப்பாணத்து, வன்னி, மட்டக்களப்புப் பள்ளிகள் பலவற்றுக்குச் சங்கம் இருக்கிறது. வருடம் ஒருமுறை மண்டபம் எடுத்து இராப்போசனம் வைத்து, ஊரில் உள்ள பள்ளிக்கு ஆய்வுகூடம், மலசலகூடம், நூலகம் என்று காசு அனுப்புகிறார்கள். போர் தின்ற பள்ளிகளை மீண்டும் நிமிர்த்தியதில் அந்தக் காசுக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு அதில் பெருமைதான், நானும் என் பள்ளிக்குக் கொடுக்கிறேன். என் கேள்வி வேறு. கடல் கடந்த பள்ளிக்கூடத்தின் அதிபர் யார், உப அதிபர் யார், எந்தக் கட்டடத்துக்குக் கூரை வேண்டும் என்று தெரிந்த ஒருவருக்கு, தன் பிள்ளை தினமும் போகும் பள்ளியின் கூரையைப் பற்றி முடிவெடுப்பவர் யார் என்று தெரியவில்லை. இப்படி ஒரு சங்கக் கூட்டத்தில் எனக்குப் பேச ஐந்து நிமிடம் தந்தார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஒரு அண்ணா சொன்னார், "தங்கச்சி, இஞ்சத்தைப் பள்ளிக்கூடம் கவர்ன்மென்ற் பாக்கும் எண்டெல்லோ நினைச்சிருந்தனாங்கள்." அவர் சொன்னதில் பொய் இல்லை. ஊரில் எங்கள் பள்ளிகளை ஊரவர்தான் தாங்கினார்கள், அரசை நம்ப முடியவில்லை. இங்கே அரசை நம்பலாம் என்று வந்ததும், கண்ணை எடுத்துவிட்டோம்.

ஆனால் எங்கள் ஆட்கள் சேர்ந்து கேட்டபோது இங்கேயும் நடந்திருக்கிறது. ஒன்ராறியோவில் பாரம்பரிய மொழி வகுப்புகள் 1977இல் தொடங்கின. போதுமான பெற்றோர் சேர்ந்து கேட்டால் கல்விச்சபை அந்த மொழியில் வகுப்பு நடத்த வேண்டும் என்ற ஏற்பாடு பின்னர் வந்தது. ஸ்காபுறோவில் எத்தனையோ பிள்ளைகள் சனிக்கிழமைகளில் தமிழ் எழுதப் பழகுவது அந்த வழியால்தான். கல்விச்சபைகளில் எங்கள் ஆட்களும் இருந்திருக்கிறார்கள். யுவனிதா நாதன் யோர்க் பிராந்தியக் கல்விச்சபையில் பல வருடம் இருந்து அதன் தலைவராகவும் ஆனார், பிறகு மாக்கம் நகரசபைக்கும் 2025இல் நாடாளுமன்றத்துக்கும் போனார். நீதன் சண் ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபைக்குத் தலைவராக இருந்தவர். இப்போதைய மேயர் ஒலிவியா சௌ 1985இல் கல்விச்சபைக்குத் தெரிவாகித்தான் அரசியலைத் தொடங்கினார். முன்னாள் முதல்வர் கத்லின் வின்னும் அப்படித்தான். அதனால் எனக்குப் பலர் சொன்ன ஆறுதல், இது முதல் படி, அடுத்தது நகரசபை என்பது. நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்கு ஏறிப் போக வேண்டிய இடம் எதுவும் இருக்கவில்லை. கேட்டது இந்தக் கதிரையைத்தான்.

ஒரு கதவை இன்னும் மறக்கவில்லை. அந்த அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள், மூன்று பேரும் ஒரே பள்ளியில். நான் சொன்னதை எல்லாம் கவனமாகக் கேட்டார். பள்ளிக் கூட்டங்கள் ஒன்றையும் தவறவிடாதவர். கடைசியில், "எங்களுக்கு வோட் இல்லை அக்கா. சிட்டிசன் இன்னும் கிடைக்கேல்லை" என்றார். அடுத்த கதவில் இருந்தவர் பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து கலியாணம் கட்டிப் போய்விட்ட ஒருவர். வாக்கு இருக்கிறது. "எனக்கினி ஸ்கூலால என்ன?" என்று கேட்டார். மாடி மாடியாக இதையே கண்டேன். பிள்ளை பள்ளியில் இருப்பவருக்கு வாக்கு இல்லை, வாக்கு இருப்பவருக்குப் பிள்ளை பள்ளியில் இல்லை. புதிதாக வந்த குடும்பங்கள் நிறைந்த கட்டடங்களில் ஒரு வேட்பாளர் ஏன் நேரம் செலவழிக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்தால், செலவழிக்கத் தேவையில்லை. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அந்தப் பள்ளிகள் பின்னுக்கு நிற்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கு உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குத் தரும்படி ரொறன்ரோ நகரசபை 2013இல் மாகாணத்தைக் கேட்டது. மாகாணம் கொடுக்கவில்லை. சான்பிரான்சிஸ்கோவில் 2016இல் மக்களே வாக்களித்து, குடியுரிமை இல்லாத பெற்றோரும் கல்விச்சபைத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று ஆக்கினார்கள். நியூயோர்க்கில் இதைவிடப் பல வருடங்களுக்கு முன்பே, உள்ளூர்ப் பள்ளிச் சபைகள் இருந்த காலத்தில், குடியுரிமை இல்லாத பெற்றோருக்கு அந்த வாக்கு இருந்தது. வாக்குரிமை விரியும்போது பள்ளிக்கூடத்தில் இருந்து தொடங்குவது ஒன்ராறியோவுக்கும் புதிது இல்லை. பெண்களுக்கு மாகாணத் தேர்தலில் வாக்கு வந்தது 1917இல்தான். ஆனால் ஒகஸ்ரா ஸ்ரோ கலன் என்ற பெண் மருத்துவர் 1892இலேயே ரொறன்ரோ கல்விச்சபைக்குத் தெரிவாகிவிட்டார். அன்று பெண்களுக்குத் திறந்த வாசல் இன்று அந்த மூன்று பிள்ளைகளின் தாய்க்கு ஏன் திறக்கக் கூடாது? மேயரைத் தெரிவு செய்யும் வாக்கைப் பற்றி வாதாடலாம். பிள்ளையின் பள்ளிக்கு யார் பொறுப்பு என்பதில் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுப்பதற்கு எதிரான நியாயம் ஒன்றை நான் இன்னும் கேட்கவில்லை.

தேர்தல் நாள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நகரம் முழுவதுக்குமே வாக்களிப்பு 30 வீதத்தை எட்டவில்லை. வந்தவர்களிலும் ஒரு பகுதியினர் மேயருக்குப் போட்டுவிட்டு மூன்றாவது தெரிவைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். இரவு எட்டு மணிக்கு வாக்குச்சாவடி மூடி, அக்கா வீட்டில் நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் முடிவு வந்துவிட்டது. வென்றவரை அழைத்து வாழ்த்தினேன். பிள்ளைகள் அடுத்த நாளே தெருத்தெருவாகப் போய்ப் பலகைகளைக் கழற்றி வந்தார்கள். வரவு செலவுக் கணக்கை 2023 மார்ச் மாதத்துக்குள் நகர எழுதுனரிடம் கொடுத்து முடித்தேன். தோற்றவரும் கொடுக்க வேண்டும், தவறினால் அடுத்த முறை கேட்க முடியாது.

சரி, இப்போது அந்தக் கதிரை என்ன நிலையில் இருக்கிறது? 2002இலும் இப்படி நடந்தது. செலவைக் குறைத்து வரவுசெலவைச் சமன் செய்ய உறுப்பினர்கள் மறுத்தபோது, அன்றைய அரசு ரொறன்ரோ, ஒட்டாவா, ஹமில்ரன் சபைகளை எடுத்து மேற்பார்வையாளர்களை வைத்தது. 2025இல் கல்வி அமைச்சர் போல் கலன்ட்ரா எடுத்ததும் நிதி நிர்வாகத்தைக் காட்டித்தான். மாகாணம் தரும் காசு உண்மையான செலவுக்குக் காணாது என்பது உறுப்பினர்களின் பதில். சபை எல்லாம் சரியாகச் செய்தது என்று நான் வாதாட வரவில்லை. நோர்த் யோர்க்கில் யங் வீதியில் இருக்கும் அந்தத் தலைமையகத்தில் நானும் போய் இருந்து கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன். சில இரவுகளில் பிள்ளைகளைப் பற்றிய பேச்சைவிட நடைமுறை விதிகளைப் பற்றிய வாக்குவாதமே நீளும். ஆனாலும் அது கதவு திறந்த மண்டபம். முன்கூட்டிப் பெயர் கொடுத்துவிட்டு ஒரு தாய் அங்கே போய் ஒலிவாங்கியின் முன்னால் நின்று, தன் பிள்ளைக்கு நடந்ததைச் சில நிமிடம் சொல்லலாம். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அடுத்த தேர்தலில் அவள் தெருவுக்கு வர வேண்டியவர்கள்.

இப்போது பெற்றோரின் முறைப்பாடுகளைக் கேட்க, மேற்பார்வையில் உள்ள சபைகளில் மாணவர், குடும்ப ஆதரவு அலுவலகம் திறப்பதாக மாகாணம் அறிவித்தது. அங்கே வேலை செய்பவர்கள் அக்கறையோடு செய்வார்கள் என்றே நம்புகிறேன். தேவைப்படும் பெற்றோர் தயங்காமல் அழைக்க வேண்டும். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பது முக்கியம். என்னை அன்று இரவு திருப்பி அழைத்தவர், என் போன்றவர்களின் வாக்கால் அங்கே போனவர். 1816இல், இந்த மாகாணத்துக்கு மேல் கனடா என்று பெயர் இருந்த காலத்தில், ஓர் ஊரார் கூடிப் பள்ளி ஒன்றை அமைத்தால் அதை நடத்த மூன்று பேரைத் தாங்களே தெரிவு செய்யலாம் என்று சட்டம் செய்தார்கள். இருநூறு வருடத்துக்கு மேல் நின்ற உரிமை அது. அதைச் செலவுக் கணக்கின் பெயரால் ஒதுக்கி வைப்பதை, இப்படிச் சத்தமில்லாமல் நாங்கள் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

2026 ஒக்ரோபர் 26 அன்று மாகாணம் முழுவதும் உள்ளூராட்சித் தேர்தல். திரும்பவும் கேட்பீரோ என்று கடைத்தெருவில் காண்பவர்கள் கேட்கிறார்கள். நான் கேட்கப் போவதில்லை. மகனுக்கு உயர்பள்ளி மாறும் காலம், வீட்டில் நான் தேவை. ஆனால் கல்விச்சபையை மீண்டும் மக்களிடம் கொடு என்று மாகாண உறுப்பினர்களின் அலுவலகங்களுக்குப் போகும் பெற்றோர்களோடு நானும் போகிறேன், சந்திப்புக்கு நேரம் கேட்டு எழுதியிருக்கிறோம். ஸ்காபுறோவில் யாராவது இந்தக் கதிரைக்குக் கேட்க நினைத்தால் என்னிடம் வரலாம். எந்தக் கட்டடத்தில் எந்த நேரம் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், எங்கே காவலாளியிடம் சட்டப் பக்கத்தைக் காட்ட வேண்டும், எந்த ஒழுங்கையில் எந்த மொழி என்று எழுதி வைத்த கொப்பிகள் இருக்கின்றன. விசேட கல்விக் குழுவைக் கேட்டு அதிபருக்கு எழுதும் கடிதத்தின் மாதிரியும் தமிழில் விளக்கத்தோடு இருக்கிறது. அதை வாங்கத் தேர்தலில் கேட்க வேண்டும் என்று இல்லை.